பேசும் கோலும் கேட்கும் பலகையும்

கைப்பேசியின் திரைமேல் விரலால் இழுத்தால் கோடு விழுகிறது. குறுக்கே நறுக்கிய வெள்ளரிக்காயைக் கையில் பிடித்து இழுத்தாலும் கோடு விழுகிறது. ஆனால் கோடு போடுவதற்கென்றே மனிதன் செய்துகொண்ட பென்சிலை, அதுவும் ஊசிபோலச் சீவிய புதுப் பென்சிலை எடுத்து, எத்தனை பக்குவமாக இழுத்தாலும் திரை ஒன்றையும் அறியாததுபோல் கிடக்கிறது. இந்த விசித்திரத்தைக் கண்டுபிடித்தவள் என் அண்ணன் மகள். ஓவியக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவள், சித்திரம் தீட்டுவதற்கு எந்த டேப்லெட்டை வாங்கலாம் என்று யோசனை கேட்க வந்த இடத்தில், பச்சடிக்கு நறுக்கி வைத்திருந்த வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்து விளையாட்டாகத் திரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “வெள்ளரிக்காய்க்குத் தெரிஞ்ச வித்தை பென்சிலுக்குத் தெரியலையே, சித்தப்பா!” என்று சிரித்தாள்.

அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. கடை கடையாக விசாரித்து எழுதிய எண்கள் அதில் வரிசையாக நின்றன: 8192 அழுத்தப் படிகள், 120 ஹெர்ட்ஸ், அங்குலத்துக்கு 264 படப்புள்ளிகள். எண் பெரிதாயிருந்தால் பொருளும் உயர்ந்ததாயிருக்கும் என்ற நம்பிக்கையில் நானும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகையை வாங்கி ஏமாந்தவன். பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த எண்களெல்லாம் பிரமாதமாகத்தான் இருந்தன. ஆயினும் ஓர் ஓட்டு வீட்டின் சாய்ந்த கூரையை நிதானமாக வரைய முற்பட்டபோது, கோடு நேராகப் போகாமல், அலையடிக்கும் குளத்தில் விழுந்த கம்பத்தின் நிழல்போல நெளிந்து நெளிந்து சென்றது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்றே முதலில் எண்ணிக்கொண்டேன். குற்றம் என் கையில் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு மாதமும் ஒரு மரஸ்கேலும் வேண்டியிருந்தன. வெள்ளரிக்காயின் விசித்திரமும் அந்தக் கூரையின் நெளிவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை ஆதலால், அந்த வேரிலிருந்தே தொடங்குவது உசிதம்.

திரைக்கண்ணாடியின் அடியில், இண்டியம் என்ற உலோகமும் வெள்ளீயமும் பிராணவாயுவோடு கலந்த ஒரு சேர்மத்தால் ஆன, கண்ணுக்குப் புலப்படாத மின்பாதைகள் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன. அவை குறுக்கிடும் ஒவ்வொரு சந்தியிலும் சிறிதளவு மின்னூட்டம் தங்கியிருக்கிறது. அப்படித் தங்கவைக்கும் ஆற்றலுக்கு மின்தேக்குதிறன் என்று பெயர். குழாயடியில் வரிசையாக வைத்த குடங்களில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிற்பதாகப் பாவித்துக்கொள்ளலாம். விரல் அருகே வந்ததும், உப்பும் நீரும் நிறைந்த நம் உடம்பு ஒரு நல்ல மின்கடத்தி ஆகையால், அந்த இடத்துக் குடங்களிலிருந்து சிறிது நீர் நம் பக்கம் இறங்கிவிடுகிறது. எந்தக் குடத்தில் எவ்வளவு குறைந்தது என்று பலகை கணக்கெடுக்கிறது. வெள்ளரிக்காயும் நீரும் உப்பும் கொண்டதே. அதைப் பிடித்திருக்கும் கையும் அதனோடு சேர்ந்துவிடுவதால் பலகைக்கு அது கொஞ்சம் பருத்த விரலாகவே படுகிறது. பென்சிலின் மரமோ மின்சாரத்தைக் கடத்தாது; உள்ளே இருக்கும் கரி கடத்தும் என்றாலும், அதன் கூரிய முனை மொண்டெடுக்கும் ஒரு துளியைப் பலகை குறையென்று கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தச் சந்திகளுக்கு இடையே சாதாரணமாக நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அத்தனை அகலமான கட்டங்களை வைத்துக்கொண்டு, மயிரிழை அளவுக்கு விரலின் இடத்தைப் பலகை எவ்வாறு சொல்கிறது? உற்சவமூர்த்தியைச் சுமந்து செல்லும் பல்லக்கை நினைத்துப் பாருங்கள். பல்லக்கைப் பார்க்காமலே, சுமப்பவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தோளில் எவ்வளவு பாரம் என்று சொல்லிவிட்டால், மூர்த்தி எந்தப் பக்கம் சற்று ஒதுங்கி எழுந்தருளியிருக்கிறார் என்று கணக்குப் போட்டுவிடலாம். விரல் அகலமானது, ஒரே சமயத்தில் பல சந்திகளின்மேல் அமர்கிறது, எந்தச் சந்திக்கு எவ்வளவு பங்கு என்று ஒப்பிட்டு, நடுவே உள்ள இடத்தைப் பலகை அனுமானிக்கிறது. இதை இடைக்கணிப்பு என்று சொல்லலாம். பலகை எதையும் நேரே பார்ப்பதில்லை, அனுமானிக்கிறது என்ற ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால், மற்றதெல்லாம் தானே விளங்கும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் முனைக் கோல்கள் வேறொன்றுமல்ல, பொய் விரல்களே. அழுத்தத்தை அறியா, கூர்மையும் அவற்றுக்கு இல்லை. ஆகவே அவற்றைச் சித்திரத்துக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. ஆனால் இதைச் சொல்லும்போதே டேவிட் ஹாக்னி என்ற ஆங்கிலேய ஓவியரின் நினைவு குறுக்கே வந்து என்னைச் சற்று வெட்கப்படுத்துகிறது. ஐபோனில் கட்டைவிரலாலேயே பூக்களை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த அவர், 2010இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறி, 2011இல் யார்க்ஷயரின் வோல்ட்கேட் என்னும் இடத்தில் வசந்தம் வருவதை நாள்தோறும் அதிலேயே தீட்டினார். அந்தப் படங்கள் பெரிய அளவில் அச்சாகி 2012இல் லண்டன் ராயல் அகாடமியின் சுவர்களை நிறைத்தன. அழுத்தத்தை அறியாத திரையில் பிறந்த படங்கள் அவை. ஆதலால் கருவி ஓவியனைப் படைத்துவிடும் என்று எண்ணவேண்டாம். கற்றுக்கொள்ளும் கைக்கு இடைஞ்சல் செய்யாத கருவியைத் தேடுவதே நம் விசாரம்.

பொய் விரல் போதாது என்று கண்டவர்கள், கோலும் பலகையும் ஒன்றோடொன்று சம்பாஷிக்கும்படி செய்தார்கள். இதில் எழும் கேள்வி, யார் பேசுவது, யார் கேட்பது என்பதுதான். 1963இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஐவன் சதர்லண்ட் என்ற மாணவர் சமர்ப்பித்த ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் ஆராய்ச்சியில் கோல் ஒரு கண்ணாக இருந்தது. அதன் பெயர் ஒளிப்பேனா என்றாலும் அது ஒளியை உமிழவில்லை. திரையில் தோன்றும் புள்ளி தன் முனைக்கு நேரே வந்து மின்னிய கணத்தைப் பார்த்துச் சொன்னது. மறு ஆண்டே ராண்ட் நிறுவனம் வெளியிட்ட பலகையில் கோல் ஒரு காதாக மாறியது. பத்து அங்குலச் சதுரத்தில், அங்குலத்துக்கு 100 வீதம் ஓடிய கம்பிகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய சங்கேதத்தை முணுமுணுக்க, தன் முனைக்கருகே கேட்கும் சங்கேதம் எது என்று கோல் கேட்டுத் தெரிவித்தது. அக்கோல்கள் இரண்டுக்கும் வால்போல் ஒரு கம்பி உண்டு; கேட்டதைக் கணினிக்குச் சொல்ல வேறு மார்க்கம் அன்றைக்கு இல்லை.

அந்த வாலை அறுத்த யுக்திதான் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானில் 1983இல் தோன்றிய வாக்கம் நிறுவனத்தின் கோலில் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை; ஆயினும் அது பேசுகிறது. எப்படி என்பதை அறியச் சுருதி கூட்டிய தம்புரா ஒன்று போதும். தம்புராவின் அருகில் உட்கார்ந்து அதன் ஷட்ஜத்தைக் கணீரென்று பாடிச் சட்டென நிறுத்துங்கள். யாரும் மீட்டாத தந்தி சில கணங்கள் தானே ரீங்கரிப்பது காதில் விழும். சுருதியோடு ஒட்டாத ஸ்வரத்தைப் பாடினால் தந்தி மௌனமாகவே இருக்கும். தன் இயல்பான அதிர்வோடு ஒத்துவரும் அதிர்வை மட்டுமே ஒரு பொருள் வாங்கிக்கொள்ளும் இந்தக் குணத்துக்கு ஒத்ததிர்வு என்று பெயர். வரைகோலின் உள்ளே தந்திக்குப் பதிலாக ஒரு சிறு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. பலகையின் அடியில் பரப்பிய கம்பி வளையங்கள் வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் தடவை துடிக்கும் காந்தப்புலத்தைப் ‘பாடி’, உடனே வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்கின்றன. அந்த மௌனத்தில், பாட்டிலிருந்து பெற்ற சக்தியைக்கொண்டே கோல் ரீங்கரிக்கிறது. எந்த வளையத்துக்கு ரீங்காரம் உரக்கக் கேட்டது, அண்டை வளையங்களுக்கு எவ்வளவு கேட்டது என்று ஒப்பிட்டு, பழைய பல்லக்குக் கணக்கையே போட்டு, முனையின் இடத்தைப் பலகை அறிகிறது. கோலை அழுத்தினால் முனை சற்று உள்வாங்கி அதன் சுருதியைப் பிசகச் செய்கிறது. சுருதி எவ்வளவு பிசகியது என்பதே அழுத்தத்தின் அளவு. வினாடிக்குப் பல்லாயிரம் முறை இந்தப் பாட்டும் மௌனமும் மாறி மாறி நடப்பதால் வரைபவருக்கு எல்லாம் ஒரே ஓட்டமாகத் தோன்றுகிறது. சாம்சங் டேப்லெட்டுகளோடு வரும் எஸ்பென் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே.

மற்றொரு வம்சம், கோலே முதலில் வாய் திறப்பது. 2015இல் வந்த ஆப்பிள் பென்சில் அத்தகையது. அதன் உள்ளே பேட்டரி உண்டு. முனையிலிருந்து அது விடுக்கும் மெல்லிய மின்துடிப்பை, விரலுக்காகப் பதித்த அதே மின்பாதைகள் கேட்டுக்கொள்கின்றன. பலகைக்கடியில் வேறு வளையங்கள் வேண்டாம் என்பது இதன் லாபம். அவ்வப்போது சார்ஜ் ஏற்றவேண்டும் என்பது இதன் தொல்லை.

இப்போது என் நெளிந்த கூரைக்கு வருவோம். விரல் பல சந்திகளின்மேல் அகலமாக அமரும் என்றேன். கோலின் முனையோ ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும். நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடும் பாதைகளுக்கு நடுவே அது நிற்கும்போது பல்லக்குக் கணக்கு கொஞ்சம் பிசகுகிறது, பாதைக்கு நேர்மேலே வந்ததும் சரியாகிவிடுகிறது, மறுபடியும் பிசகுகிறது. படுக்கையாகக் கோடு இழுத்தால் இந்தப் பிசகு வெளியே தெரியாது. ஏனெனில் மேல்கீழ்ப் பிசகு கோடு முழுதும் ஒரே அளவாயிருக்கும், முன்பின் பிசகோ கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சாய்வாக இழுக்கும்போதுதான் இரு திசையிலும் பிசகு கூடியும் குறைந்தும் வந்து, கோடு அலையாகிறது. விரைவாக இழுத்தால் மென்பொருள் அதை வழவழவென்று இழைத்து மூடிவிடும். மெதுவாக இழுப்பவனிடம் மூடமுடியாது.

இதைக் கையின் நடுக்கத்திலிருந்து பிரித்தறியும் விதத்தைத்தான் ஒரு மாதம் கழித்துக் கண்டுகொண்டேன். மரஸ்கேல் ஒன்றைத் திரைமேல் சாய்த்து வைத்து (இரும்பு ஸ்கேல் ஆகாது, அது மின்சாரத்தைக் கடத்திப் பலகையைக் குழப்பும்) அதன் ஓரமாகக் கோலை ஆமை வேகத்தில் இழுத்தேன். அப்போதும் நெளிவு வந்தது. நெளிவுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தேன். கோட்டின் நெடுகிலும் அது மாறவேயில்லை. மனிதக் கை நடுங்கினால் இத்தனை கணக்காக நடுங்குமா? ஸ்கேலின் சாய்வை அப்படியே வைத்துக்கொண்டு வேறிடத்தில் இழுத்தும் அதே தூரம். கண்ணுக்குத் தெரியாத மின்பாதைகளின் கட்டங்களையே அந்தக் கோடு எனக்கு வரைந்து காட்டிவிட்டது. இதனால், தானே பேசும் கோல்கள் எல்லாம் பழுது என்று கொள்ளலாகாது. கணிப்பு செம்மையாக அமைந்த பலகைகளில் நெளிவு கண்ணுக்குப் படுவதில்லை. ஒத்ததிர்வுக் கோல்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு: திரையின் ஓரத்தில் ஒரு பக்கத்து வளையங்கள் மட்டுமே கேட்பதால் கணக்கு அங்கே தடுமாறக்கூடும், காந்தம் வைத்த மேலுறை அருகிலிருந்தாலும் தடுமாறும். ஆகவே நடுவில் மட்டும் கிறுக்கிப் பார்த்துவிட்டு வாங்கிவிடக்கூடாது.

இனி, பெட்டிமேல் கொட்டை எழுத்தில் நிற்கும் 8192. இரண்டைப் பதின்மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண் இது; கணினி இரண்டிரண்டாக எண்ணும் பழக்கமுடையது என்பதைத் தவிர இதில் வேறு மாயமில்லை. அரைக் கிலோ அழுத்தத்தை 8192 பங்காக்கினால் ஒரு பங்கு இரண்டு மூன்று அரிசிமணிகளின் எடைதான். அத்தனை நுண்மையை எந்தக் கை உணரும்? ஒரு சிட்டிகை உப்பைக் கரண்டியில் சேர்த்தால் கைக்குத் தெரியும், மூட்டையில் சேர்த்தால் தெரியாது. வித்தியாசத்தை உணர்வது வித்தியாசத்தின் அளவைப் பொறுத்ததன்று, ஏற்கெனவே உள்ள பாரத்துக்கு அது என்ன விகிதம் என்பதைப் பொறுத்தது என்று லைப்சிக் நகரின் எர்ன்ஸ்ட் வேபர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பரிசோதித்துச் சொன்னார். அழுத்தம் ஏற ஏற நம் கை மந்தமாகிறது. நாம் கூர்மையாக உணர்வதெல்லாம் மிக மெல்லிய தொடுகையில்தான். ஆகவே கேட்கவேண்டியது எத்தனை படிகள் என்பதல்ல, முதற்படி எத்தனை உயரத்தில் இருக்கிறது என்பதே. எவ்வளவு அழுத்தினால் முதல் கோடு விழுகிறது? இதைத் தொடக்க அழுத்தம் எனலாம். பெட்டிமேல் இது பெரும்பாலும் காணப்படுவதில்லை.

இதை அளக்க ஆராய்ச்சிசாலை வேண்டாம். சமையலறையில் மாவு நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசின்மேல் பலகையை வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கையைத் திரையில் ஊன்றாமல் கோலை மட்டும் மெல்ல மெல்ல இறக்கவேண்டும். கோடு தோன்றும் கணத்தில் தராசு காட்டும் கிராம் எதுவோ அதுவே தொடக்க அழுத்தம். என் பழைய பலகையில் பதினான்கு கிராம் காட்டியது. கண்ணிமையின் மயிர்களையோ கன்னத்தின் நிழலையோ காகிதத்தில் வரையும்போது பென்சில் அதன் சொந்த எடைக்கும் குறைவாகவே காகிதத்தைத் தொடுகிறது என்பதை எண்ணினால், எட்டாயிரம் படிகள் இருந்தும் என் கன்னங்கள் ஏன் தார் பூசியதுபோல் வந்தன என்பது விளங்கும்.

தாமதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கோல் நகர்வதை உணர்ந்து, கணக்கிட்டு, படத்தில் சேர்த்து, திரையில் காட்டுவதற்குள் சிறிது காலம் கழிந்துவிடுகிறது. கை வினாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் வீசும்போது, தாமதம் 50 மில்லிவினாடியானால், கோலின் முனைக்கும் கோட்டின் நுனிக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் வெறுமையாக நிற்கும். 10 மில்லிவினாடியானால் 3 மில்லிமீட்டர்தான். வினாடிக்கு 60 படம் காட்டும் திரை ஒரு படத்துக்கே 16 மில்லிவினாடிக்குமேல் எடுத்துக்கொள்கிறது. 120 ஹெர்ட்ஸ் என்றால் அது பாதியாகும். ஆகவே இந்த எண்ணுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை தரலாம். 2019இல் ஆப்பிள் தன் கோலின் தாமதத்தை 20 மில்லிவினாடியிலிருந்து 9 ஆகக் குறைத்ததாக அறிவித்தபோது, அதில் ஒரு பகுதி ஜோசியம்: கை போகும் போக்கைப் பார்த்து, அடுத்த கணம் எங்கிருக்கும் என்று ஊகித்து, கோட்டை முன்கூட்டியே சற்று நீட்டிவிடுவது. கைப்பேசியின் ஸ்லோ மோஷன் கேமரா வினாடிக்கு 240 படம் எடுக்குமானால், கோல் ஓர் இடத்தைக் கடந்ததற்கும் கோடு அங்கே வந்ததற்கும் இடையில் எத்தனை படம் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நாலு மில்லிவினாடி என்று பெருக்கி, யார் வேண்டுமானாலும் தாமதத்தை அளந்துவிடலாம்.

பள்ளியில் அளவுகோலை நேர்மேலிருந்து பார், பக்கவாட்டில் பார்க்காதே என்று ஆசிரியர் கண்டித்தது நினைவிருக்கலாம். அந்த இடமாறு தோற்றப்பிழை இங்கேயும் உண்டு. கோலின் முனை கண்ணாடியின் மேலே. படம் கண்ணாடியின் கீழே. நடுவில் காற்றிடைவெளியும் இருந்தால், சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு முனையும் கோடும் ஒட்டாமல் நிற்கும். திரையைக் கண்ணாடியோடு ஒட்டியே செய்த பலகைகளில் இது மிகவும் குறைவு. கடைக்காரர்கள் ‘லேமினேட்டட்’ என்பார்கள். படப்புள்ளிகளின் நெருக்கத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஓர் அடி தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிக்குமேல் பிரித்தறியும் சக்தி பெரும்பாலும் இல்லை. நிறமும் அப்படியே, அச்சுக்குப் போகிற படமானால், திரையில் மின்னும் நீலமும் பச்சையும் மையில் அப்படியே வாரா என்பதை எந்தப் பலகை வாங்கினாலும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பணம் குறைவாயிருக்கும் மாணவருக்கு, திரையே இல்லாத பலகையைச் சொல்வேன். மேசைமேல் அதை வைத்து வரைந்தால் கோடு எதிரே உள்ள கணினியில் விழும். கை ஓரிடம், கண் ஓரிடமா என்று முதலில் திகைப்பு வரும். ஆனால் டைப்ரைட்டிங் கற்றவர் எவரும் விசைகளைப் பார்த்து அடிப்பதில்லை. முனையையே பார்க்காதவருக்கு இடமாறு தோற்றப்பிழை ஏது? என் அபிப்பிராயத்தில், நடுத்தரமான திரைப்பலகையைவிட நல்ல கோலுடன் வரும் திரையில்லாப் பலகை எவ்வளவோ மேல்.

அண்ணன் மகளுக்கு இதில் சம்மதமில்லை. பேருந்திலும் வரையவேண்டும், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தும் வரையவேண்டும், ஆகவே திரையுள்ளதுதான் வேண்டும் என்றாள், அது நியாயமே. மறுநாள் கடைக்குப் போனபோது அவள் பையில் மரஸ்கேலும், என் மனைவிக்குத் தெரியாமல் எடுத்த தராசும் இருந்தன. தராசை மேசைமேல் வைத்ததும் கடைக்காரர் பதறி, “சார், இங்க எடை போட்டு விக்கிறதில்லை!” என்றார். அவள் பதில் சொல்லவில்லை. முதற்பலகையில் ஸ்கேலைச் சாய்த்து வைத்து மெதுவாகக் கோடு இழுத்தாள், அலை. இரண்டாவதில் கோடு நேராக ஓடியது, ஆனால் தராசு ஒன்பதைத் தாண்டியபிறகே விழுந்தது. மூன்றாவதில் இரண்டு கிராமிலேயே, சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு எழும்பி, அழுத்த அழுத்தப் பருத்து, ஓரம் வரையில் கோணாமல் சென்றது. அதற்குள் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து அவள் தோளருகே குனிந்து நின்றுகொண்டிருந்தார். சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்தவர், கண்ணாடி அலமாரியைத் திறந்து, கடையிலேயே விலை உயர்ந்த பலகையை எடுத்து அவள்முன் வைத்து, “இதையும் ஒருதரம் தராசுல வச்சுப் பாரும்மா” என்றார்.